தலை நிமிர்த்திய பாம்பு

"மயிரில்லாத பிராணி ஒண்டும் இல்லையோ, அப்பா?"

எட்டு வயது யோகா இதைக் கேட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். மூச்சிழுப்பு அப்போதுதான் சற்று இறங்கியிருந்தது. பக்கத்துக் கட்டில் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் அதன் நாய்க்குட்டியின் படத்தைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அப்போதிலிருந்து யோகா அதையே யோசித்துக்கொண்டு கிடந்தாள். நாய் ஆகாது, பூனை ஆகாது, முயல் ஆகாது, கிளிகூட ஆகாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உரோமமும் இறகும் அவளுடைய மூச்சுக்குப் பகை.

"மீன் இருக்குத்தானே, குஞ்சு," என்றார் தகப்பன் அரியரத்தினம்.

"மீனைத் தூக்கி மடியிலை வைச்சிருக்கேலாதே."

"அப்ப பாம்புதான்," என்றார் அவர், பிள்ளையைச் சிரிக்கவைப்பதற்காக.

"இஞ்சருங்கோ! நோயாளிப் பிள்ளைக்குப் பக்கத்திலை இருந்து கதைக்கிற கதையோ இது?" என்று தாய் இரஞ்சிதம் அதட்டினாள்.

ஆனால் யோகாவின் கண்கள் விரிந்துவிட்டன. அந்தக் கண்களில் மூன்று வருடமாகப் பயத்தை மட்டுமே பார்த்துவந்தவள் இரஞ்சிதம். பிள்ளை ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டதைப் பார்த்ததும் மேற்கொண்டு அதட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. அரியரத்தினத்துக்கு டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படங்கள் வரையும் வேலை. வீடு மல்கிரேவில். வந்த முதல் குளிர்காலத்திலேயே யோகாவுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. டொக்டர்மார் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டார்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா? இல்லை. கம்பளம் இருக்கிறதா? எடுத்துவிட்டோம். இறகு மெத்தை? கிடையவே கிடையாது. டொக்டர்மாருக்கு வேறு கேட்கத் தெரியவில்லை. இவர்களுக்கு வேறு சொல்லத் தோன்றவில்லை.

இரஞ்சிதம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். சனிக்கிழமை தோறும் பிள்ளைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகவார்த்தாள். முழுகினபின் தலையில் ஈரம் தங்கிச் சளி பிடித்துவிடாமல், ஒரு கூடையைக் கவிழ்த்து, அடியில் தணலில் சாம்பிராணி போட்டு, நீண்ட கூந்தலை அதன்மேல் விரித்துப் புகை காட்டினாள். செவ்வாயும் வெள்ளியும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் சாம்பிராணி காட்டி, அந்தப் புகையை அறை அறையாகக் கொண்டுபோய், கடைசியில் யோகாவின் கட்டிலைச் சுற்றிக் காட்டினாள். ஊரிலிருந்து தமக்கை பார்சலில் அனுப்பும் நல்ல சாம்பிராணி அது. கரி மட்டும் இங்கே வெள்ளைக்காரர் இறைச்சி சுடுவதற்கு வாங்குகிற கரி. குளிருக்காக ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே அடர்ந்து நிற்பதைப் பார்க்க அவளுக்கு மனம் நிறைந்திருக்கும். ஆண்டவன் வீட்டை விட்டு அசையாமல் நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த மனத்தில் கள்ளம் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

*

பாம்புக்கு வழி காட்டியவர் நரசிம்மன். கும்பகோணத்துக்காரர், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவர், முப்பது வயதுப் பிரமச்சாரி. மல்கிரேவில் அவருடைய வாடகை வீட்டுக் கராஜில் கார் நின்றதே இல்லை. சுவரோரம் பெட்டி பெட்டியாகப் பாம்புகள்தான். 1976ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அங்கே போனார்கள்.

"வாங்க சார், வாங்க அக்கா. செருப்போடயே வரலாம், இது கோயில் இல்லை."

"ஐயர் வீட்டிலை பாம்பு எண்டால் ஊரிலை ஒருத்தரும் நம்பமாட்டினம்," என்றார் அரியரத்தினம்.

"ஐயர் இல்ல சார், ஐயங்கார். எங்க பெருமாளே பாம்பு மேலதான் படுத்திருக்கார். நான் பெட்டியிலதானே வெச்சிருக்கேன்."

இரஞ்சிதம் வாசலிலேயே நின்றாள். "மச்சம் மாமிசம் தொடாத ஆள், எலியை என்னெண்டு தம்பி குடுக்கிறீர்?"

"கண்ணை மூடிண்டு குடுத்துடுவேன் அக்கா. எனக்குத் தயிர்சாதம், அதுக்கு எலி. ஃபிரிட்ஜ் ஒண்ணுதான், தட்டு வேற."

அந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிப்பதில்லை என்று இரஞ்சிதம் அந்த இடத்திலேயே முடிவெடுத்துக்கொண்டாள்.

நரசிம்மன் மூன்று பெட்டிகளைக் காட்டினார். முதலாவதில் சப்பாத்து நாடா அளவில் ஒன்று. "இது ரொம்பப் பொடிசு. நாள் பூரா ஒளிஞ்சிண்டே இருக்கும். தூக்கினா நசுங்கிடுமோன்னு நமக்கே பயமா இருக்கும்." இரண்டாவதில் கறுப்பும் பொன்னுமாகக் கோலம் போட்டதுபோல ஒரு பெரிய மலைப்பாம்பு சுருண்டிருந்தது. யோகா அதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "அழகுதான். ஆனா எட்டடி வளரும். இன்னும் ரெண்டு வருஷத்துல பாப்பாவால தூக்க முடியாது. கோவமும் ஜாஸ்தி." அவர் புறங்கையைக் காட்டினார். பற்கள் பதிந்த தழும்பு வளைவாகத் தெரிந்தது. "அழகைப் பார்த்து எடுத்தா இப்படித்தான்."

மூன்றாவது பெட்டியிலிருந்து அவர் கையில் எடுத்தது, மண்ணிறத்தில் மங்கல் புள்ளிகள் போட்ட பாம்பு. நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளையின் மணிக்கட்டளவு பருமன். அவருடைய விரல்களுக்கிடையில் அவசரமில்லாமல் நகர்ந்தது.

"இனிமே பெரிசா வளராது. பாம்பு எடுக்கறப்ப நிறத்தைப் பார்க்காதீங்கோ சார், கையில எடுத்தா என்ன பண்றதுன்னு பாருங்கோ. இப்படி நாக்கை நீட்டி மெதுவா ஊர்ந்தா நல்ல சுபாவம். விறைச்சுப் போயி கழுத்தை வளைச்சிண்டா வேண்டாம். கண்ணு தெளிவா இருக்கணும், மூக்குல குமிழி இருக்கக்கூடாது, ஒழுங்கா சாப்பிடணும். காட்டில பிடிச்சது வேண்டவே வேண்டாம். இது இந்தப் பெட்டியில பொறந்தது. மனுஷக் கைதான் இதுக்குப் பழக்கம்."

"விஷம்?" என்றாள் இரஞ்சிதம்.

"துளிகூட இல்லை அக்கா."

யோகா இரண்டு கையையும் நீட்டினாள். பாம்பு அவளுடைய கையில் ஏறி, சட்டைக் கையின்மேல் படர்ந்து, தோளில் தலையை வைத்துக்கொண்டது. யோகா மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு மயிர்கூட இல்லை!"

நரசிம்மன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாப்பா, இந்த வார்த்தையை மட்டும் எங்க ஊர்ப்பக்கம் வந்து சொல்லிடாதே. முதுகு பழுத்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் யோகாவுக்கு இருமல் வரும், அன்றைக்கு வரவில்லை. அதற்குமேல் இரஞ்சிதத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

*

பெட்டியை அரியரத்தினமே செய்தார். முதலில் தொழிற்சாலைக்கு வரைவதுபோல அளவெடுத்து ஒரு படம் வரைந்தார். பாம்பு தன் உடம்பை முழுதாக நீட்டிப் படுக்கும்படி நாலடி நீளம். முன்னால் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கண்ணாடி, அதற்கு ஒரு பூட்டு. பென்சில் நுழையும் இடைவெளியிருந்தால் பாம்பும் நுழையும் என்று நரசிம்மன் எச்சரித்திருந்தார். காற்றுக்கு இரண்டு பக்கமும் துளையிட்டுக் கம்பிவலை அடித்தார். ஒரு கோடியில் மட்டும் பல்ப். பாம்பு அதைச் சுற்றிச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கக் கம்பிக்கூடு. மறுகோடி குளிர்ச்சியாக இருக்கவேண்டும். சூடு வேண்டுமானால் இங்கே, வேண்டாமானால் அங்கே என்று அதுவே நகர்ந்துகொள்ளும். இரண்டு பக்கத்திலும் ஒளிந்துகொள்ள உடைந்த பூச்சட்டி ஒவ்வொன்று, கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம். தரையில் மரத்தூள் போடுவார்கள் சிலர். தூள் பிள்ளைக்கும் ஆகாது, பாம்புக்கும் ஆகாது என்பதால் பழைய பத்திரிகைத் தாளையே விரித்தார்.

"என்ரை குசினியிலை எலி வைக்க விடமாட்டன்," என்றாள் இரஞ்சிதம். ஆகவே எலிகள் நரசிம்மன் வீட்டுத் தயிர்சாதத்துக்குப் பக்கத்திலேயே இருந்தன. வேண்டிய நாளில் அரியரத்தினம் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார்.

யோகா பாம்புக்குப் பட்டு என்று பேர் வைத்தாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் கை கழுவிவிட்டு அதைத் தூக்குவாள். வைத்ததும் மறுபடி கை கழுவுவாள். இழுப்பு வரும்போலிருக்கிற மாலைகளில் கதிரையில் அசையாமல் இருந்து, மடியில் பட்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டே தன் மூச்சையும் அதன் வேகத்துக்கு மெதுவாக்கப் பழகினாள்.

இரஞ்சிதம் பாம்பைத் தொடவில்லை. அதைப் பேர் சொல்லியும் அழைக்கவில்லை. "அவர்" என்றாள். வன்னியில் அவளுடைய தாய்வழிக் குடும்பத்துக்கு நாகதம்பிரான்தான் குலதெய்வம். கடல் கடந்து வந்த இடத்தில், மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையின் மடியில் வந்து ஒரு பாம்பு படுத்ததென்றால் அது சும்மா வந்ததா? அவள் அப்படி நினைக்கவில்லை. பெட்டியைப் பிள்ளையின் அறையில் வைக்கவிடாமல், முன்னறையில் பிள்ளையார் படம் வைத்த சுவர்த்தட்டுக்குக் கீழேயே வைப்பித்தாள். செவ்வாயும் வெள்ளியும் சாம்பிராணித் தட்டை அந்தப் பெட்டிக்கும் காட்டினாள். புகை உள்ளே போய் அவருக்குச் சேரவேண்டும் என்று கம்பிவலைக்கு அருகே பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பிரானே, என்ரை பிள்ளையின்ரை மூச்சைத் தா."

இலையுதிர்காலம் முடியும்போது பிள்ளையின் மூச்சு மோசமாகியது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. ஒருமுறை அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வந்து சில நாளில் மறுபடி கொண்டுபோனார்கள். இரஞ்சிதம் தன் வேண்டுதலில் ஏதோ குறை என்று எண்ணி, செவ்வாய் வெள்ளி என்றிருந்ததை நாள்தோறும் என்று ஆக்கினாள்.

ஒருநாள் காலை அவள் புகை காட்டும்போது, பாம்பு பூச்சட்டியை விட்டு வெளியே வந்து, உடம்பின் முன்பாதியை உயர்த்தி, தலையை நேர்மேலே நிமிர்த்திக்கொண்டு நின்றது. வாயைக் கொஞ்சம் திறந்திருந்தது. இரஞ்சிதம் அப்படியே நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோதும் அது அப்படியேதான் நின்றது.

அடுத்த தெருவில் இருந்த இராஜேஸ்வரியை ரெலிபோனில் கூப்பிட்டாள். "அக்கா, ஓடி வாங்கோ. தம்பிரான் தலை நிமிர்த்தி நிக்கிறார்!"

இராஜேஸ்வரி ஈரக் கையோடு வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "உனக்கு வரம் கிடைச்சிட்டுதடி. இனி அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது."

அன்று முழுவதும் பாம்பு இடையிடையே தலையை உயர்த்தியது. அடுத்த நாளும் உயர்த்தியது. இரஞ்சிதம் அழுது அழுது கும்பிட்டாள்.

*

சனிக்கிழமை நரசிம்மன் எலிப் பொட்டலத்தோடு தானே வந்தார். யோகா முழுகிவிட்டு, கூடையின்மேல் கூந்தலை விரித்துப் படுத்திருந்தாள். முன்னறை புகைமூட்டமாகக் கிடந்தது. நரசிம்மன் வாசலிலேயே இருமினார்.

"தம்பி, பாரும் அதிசயத்தை," என்று இரஞ்சிதம் அவரைப் பெட்டிக்குக் கூட்டிப்போனாள். "மூண்டு நாளா இப்பிடித்தான் தலையைத் தூக்கி ஆசீர்வாதம் தாறார்."

நரசிம்மன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் திறந்து பாம்பைக் கையிலெடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். அதன் மூக்கிலும் வாயோரத்திலும் நுரைக்குமிழிகள் நின்றன. அவருடைய முகத்தில் வழக்கமான கேலி காணாமல் போயிற்று.

"அக்கா, இது ஆசீர்வாதம் இல்லை."

"வேறை என்ன?"

"இதுக்கு மூச்சு முட்டறது. நெஞ்சு பூரா சளி. படுத்தா மூச்சு வரலை, அதனால தலையைத் தூக்கி வாயைத் திறந்து காத்தை இழுக்கறது. பாம்புக்கு இருமத் தெரியாது. இதுதான் அதுக்கு இருமல்."

இரஞ்சிதம் பாம்பைப் பார்த்தாள். நிமிர்த்திய கழுத்து, திறந்த வாய், ஒவ்வொரு இழுப்புக்கும் விரியும் விலா. இதே காட்சியை அவள் எத்தனையோ இரவுகள் பார்த்திருந்தாள். கட்டிலில் எழுந்திருந்து, கைகளை முழங்காலில் ஊன்றி, கழுத்தை மேலே நீட்டிக்கொண்டு இருக்கும் தன் பிள்ளையை. இத்தனை பார்த்தும், பாம்பு அதையே செய்தபோது அவள் விழுந்து கும்பிட்டிருந்தாள்.

"பெட்டி சூடு சரியாத்தான் இருக்கு," என்று நரசிம்மன் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். கம்பிவலையில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் கறுத்துப் பிசுபிசுத்தது. "இந்தப் புகை தினமும் போடறீங்களா?"

கூடையிலிருந்து யோகா தலையைத் தூக்கி, "ஓம் அங்கிள், பட்டுவுக்கும் எனக்கும் அம்மா ஒவ்வொருநாளும் காட்டுறவ," என்றாள். சொல்லிமுடிக்குமுன் இருமினாள்.

அந்த இருமலை நரசிம்மனும் கேட்டார். பிள்ளையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது இரஞ்சிதத்துக்கும் விளங்கியது. அவர் அதை வாயால் சொல்லவில்லை. "பாம்பை நான் கொண்டுபோறேன். எங்க வெட்டினரி டாக்டர் ஊசி போடுவார். பிழைச்சுடும்," என்று மட்டும் சொன்னார். ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதும் ஒரு தர்மம்தான்.

இரஞ்சிதம் சாம்பிராணித் தட்டை வெளியே கொண்டுபோனாள். குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தணல் சீறி அணைந்தது. நெடுநேரம் அங்கேயே குந்திக்கொண்டிருந்தாள். பின்பு எழுந்து, வீட்டின் எல்லா ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தாள். குளிர் உள்ளே அடித்தது.

"என்னப்பா நடந்தது?" என்று வேலையால் வந்த அரியரத்தினம் கேட்டார்.

"இனி இந்த வீட்டிலை புகை இல்லை," என்றாள் அவள். "பூ வைச்சுக் கும்பிடுவம். பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

*

பாம்பு பிழைத்துப் பெட்டிக்குத் திரும்பியது. ஊசி போடும்போது பிடித்துக்கொண்டிருந்த நரசிம்மனை ஒருமுறை கடித்ததாம். "இத்தனை சாது, அதுக்கே வலிச்சிருக்கு பாருங்கோ," என்றார் அவர்.

ஆனியில், அங்கே குளிர்காலம் தொடங்கும்போதே, புகை நின்றது. ஆடி பிறந்தபோது யோகா ஒருநாள் இரவு முழுவதும் படுத்துத் தூங்கினாள், முதுகுக்குத் தலையணை இல்லாமல். தாய் அவள் பக்கத்தில் இருந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் ஓடினாள். பந்தெறியும் ஆட்டத்தில் சேர்ந்தாள். ஒரு ஞாயிறு த பேசின் என்ற மலையடிவார ஊருக்குக் காரில் போனபோது, அங்கே ஒரு புல்மேட்டில் தகப்பனை முந்திக்கொண்டு ஏறி நின்று, "அப்பாவுக்கு மூச்சு வாங்குது!" என்று கைகொட்டினாள். அரியரத்தினம் மேட்டின் நடுவில் நின்று இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் கும்பிடு போட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆஸ்பத்திரிப் பக்கம் அவர்கள் போகவில்லை.

கதை இந்த இடத்தில் நின்றிருந்தால் எவ்வளவு நல்லது.

கார்த்திகையில் ஒருநாள் வடக்கிலிருந்து வெக்கைக் காற்று வீசியது. வயல்வெளிப் புல்லின் பூந்தூள் எல்லாம் காற்றில் இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்து, இடி இடித்து, சடசடவென்று மழை பெய்தது. யோகா பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்தாள். உடுப்பு மாற்றும்போதே மூச்சு இழுத்தது. மருந்தை வாயில் அடித்து உறிஞ்சினாள்; இழுப்பு நிற்கவில்லை. இரஞ்சிதம் அம்புலன்ஸுக்கு ரெலிபோன் அடித்தாள். யோகா கதிரையின் நுனியில் இருந்து, கழுத்தை மேலே நீட்டி, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அம்புலன்ஸ் வர அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் அந்த நேரமே போதுமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அரியரத்தினம் சுவரோடு நின்றார். இரஞ்சிதம் டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போட்ட புகையாலோ?" என்றாள். கணவன் உடைந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னார். டொக்டர் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, இது இன்றைய காற்று, யாருடைய பிழையும் அல்ல என்றார். அவளை மூன்று வருடமாகத் தெரிந்த வயதான தாதி ஒருத்தி பின்னால் வந்து தோளைத் தொட்டாள். "போன குளிர்காலத்தில் ஒருநாள்கூட இவளை நாங்கள் இங்கே பார்க்கவில்லை. நீங்கள் எதையோ சரியாகச் செய்திருக்கிறீர்கள். அந்தக் குளிர்காலம் அவளுடையது," என்றாள்.

இரஞ்சிதத்தின் காதில் அது விழுந்தது. மனத்தில் விழவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் முன்னறைப் பெட்டியைப் பார்த்தார்கள். குசினியில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். எட்டாம் நாள் சடங்குச் சமையலின்போது இராஜேஸ்வரி வாய்விட்டே சொன்னாள்: "அடியே, உந்தப் பாம்பை இனியாவது குடுத்துவிடு. வரம் எண்டு நினைச்சன், எமனாப் போச்சுது."

இரஞ்சிதம் மறுத்துப் பேசவில்லை. முன்பு "அவர்" என்றவள் இப்போது "அது" என்றாள். பெட்டியிருந்த பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டாள். பிள்ளை போய்விட்டது, அது கிடக்கிறது. நரசிம்மன் திருப்பிக் கொண்டுபோகக் கேட்டார். "கிடக்கட்டும் தம்பி. பிள்ளையின்ரை," என்றார் அரியரத்தினம். அவரே தாளை மாற்றினார், தண்ணீர் வைத்தார், எலி கொண்டுவந்தார். ஒரு வருடம் வீட்டில் பாம்போடு சேர்த்து மூன்றுபேர் இப்படி ஒருவரையொருவர் பாராமல் இருந்தார்கள்.

*

அடுத்த ஆண்டு ஒக்டோபரில் மின்சாரத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் வந்தது. தொழிற்சாலைகள் மூடின. அரியரத்தினத்தைக் கொம்பனி சிட்னிக் கிளைக்கு அனுப்பியது. நரசிம்மன் பல்லிகளைத் தேடிக் குவீன்ஸ்லாந்துப் பக்கம் போயிருந்தார்.

"லைற் நிண்டால் பெட்டியை ஒரு கம்பளியாலை மூடிவிடும்," என்றார் அரியரத்தினம், சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு. "அதுக்குமேலை நீர் ஒண்டும் செய்யவேண்டாம். செத்தால் சாகட்டும். போட்டு வாறன்."

அவர் முதல்நாள்தான் அதற்குச் சாப்பாடு கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை மின்சாரம் நின்றது. தெற்கிலிருந்து குளிர்காற்று திரும்பி, வசந்தகாலம் என்ற பேரே இல்லாமல் பண்ணியது. இரஞ்சிதம் கம்பளியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியை மூடினாள். குசினிக்குத் திரும்பினாள். அங்கே நின்றபோது நரசிம்மன் முன்பு எப்போதோ யோகாவுக்குச் சொன்னது நினைவு வந்தது. சாப்பிட்ட பாம்புக்குச் சூடு வேணும் பாப்பா, குளிர்ந்துபோனா வயித்துல இருக்கறது செரிக்காம அழுகி, அதையே கொன்னுடும்.

அவள் திரும்பிவந்து கம்பளியை விலக்கினாள். கம்பளி தானாகச் சூடு தராது. அணைந்த பல்ப்பின் அடியில் பாம்பு இறுகச் சுருண்டிருந்தது. நடுவயிறு புடைத்திருந்தது. நாக்கை நீட்டவில்லை.

அடுப்பும் மின்சாரம், தண்ணீர்ச் சூடும் மின்சாரம். கரி இருந்தது. அதை அவள் தொடவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். "இரஞ்சி, நான்தான், ஃபிளாஸ்கிலை கோப்பி கொண்டந்தனான்," என்று இராஜேஸ்வரியின் குரல் கேட்டது. இரஞ்சிதம் அசையாமல் நின்றாள். மறுபடி தட்டிவிட்டு, படியில் எதையோ வைத்துவிட்டு, காலடி தெருவை நோக்கிப் போயிற்று.

அவள் கண்ணாடியைத் தள்ளினாள். முதல்தடவையாகக் கையை உள்ளே விட்டாள். பாம்பின் உடம்பு குழாய்த் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது. வயிற்றை அழுத்தாமல், இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்கினாள். ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் கனமாகத் தொங்கியது. கதிரையில் இருந்து, ஸ்வெற்றரைத் தூக்கி, சேலைக் கொசுவத்துக்கு மேலே தன் வெறும் வயிற்றோடு அதை வைத்து மூடிக்கொண்டாள். குளிர் எலும்புவரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். யோகாவைச் சுமந்த வயிறு அது.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. மனத்தில் வந்ததெல்லாம் தலையணை இல்லாமல் தூங்கிய ஓர் இரவு, புல்மேட்டில் கைகொட்டிய ஒரு பிள்ளை. யாரும் கேட்காத கேள்விக்கு, பேசத் தெரியாத ஒரு சீவன் தன் நெஞ்சைக் கொடுத்துப் பதில் சொல்லியிருக்காவிட்டால், அந்த மாதங்கள் அவளுக்கும் பிள்ளைக்கும் கிடைத்திராது. அதற்கு அவள் இன்றுவரை ஒன்றும் கொடுக்கவில்லை. எமன் என்று மற்றவர்கள் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நேரம் போனது. வெயில் ஒருமுறை வந்து கதிரைக் காலில் விழுந்து மறைந்தது. ஸ்வெற்றருக்குள் ஏதோ மெல்ல இறுகியது. பாம்பு அவள் இடுப்பைச் சுற்றித் தன்னைத் தாங்கிக்கொண்டது. சிறிது நேரத்தில் கழுத்தடியில் தலை வந்தது. வாய் மூடியிருந்தது. நாக்கு வெளியே வந்து அவளுடைய தாடையைத் தொட்டுவிட்டு உள்ளே போயிற்று.

"கிடவும்," என்றாள் அவள். "நான் எங்கையும் போகேல்லை."

மின்சாரம் நின்ற நாளெல்லாம் அவள் அந்தக் கதிரையில் இருந்தாள். சிட்னியிலிருந்து அரியரத்தினம் ரெலிபோனில் பாம்பைப் பற்றிக் கேட்டபோது, "கிடக்குது," என்றாள். கடைசியில் ஒருநாள் பின்னேரம், பெட்டிக்குள் பல்ப் தானாகவே பற்றிக்கொண்டது. அவள் எழுந்து, பாம்பைச் சூட்டுப் பக்கத்துப் பூச்சட்டிக்கருகே இறக்கிவிட்டாள். அது உள்ளே போகும்வரை பார்த்தாள். கண்ணாடியைத் தள்ளிப் பூட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு சோற்றுக்கு அரிசி போடப் போனாள்.